விரல் இழுத்த ரொட்டி

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது என் இடது கையில் ஆறு கிலோ தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. அதன் ஊசியைப் பிடுங்கி வலது கையில் வைத்திருந்தேன். ‘ஃபயர், ஃபயர்’ என்று கத்தியதாக மனைவி சொல்கிறாள். ‘மாதாவே’ என்று கத்தியதாகத்தான் எனக்கு நினைவு. இரண்டில் எது கத்தியிருந்தாலும் கம்பீரமாக இல்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

அஜ்மானில் அப்போது ஐந்தாவது மாடியில் குடியிருந்தோம். துபாயில் வேலை, அஜ்மானில் வாடகை என்று வாழும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசர். அதாவது, பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சாரத்தைப் பார்த்தால் விழும் என்று தோன்ற வேண்டும், ஒயரைப் பார்த்தால் ஷாக் அடிக்கும் என்று தோன்ற வேண்டும். பிறவியிலேயே அப்படித்தான் எனக்குத் தோன்றும் என்பதால் இந்த வேலைக்கு நான் பயிற்சி எடுத்த நாட்கள் குறைவு.

அன்று டியூட்டி முடிந்து வந்து லிஃப்டை விட்டு வெளியே வருகிறேன், நடையில் அலாரம் அலறுகிறது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து வெள்ளைவெளேர் என்று புகை. சுவரிலிருந்த சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். அடுக்களையில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். முழங்கை வரை மாவு. அவருக்குப் பின்னால் திறந்த அடுப்புக்குள்ளிருந்து புகை குபுகுபு என்று வந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் தலையிலிருந்து கீழ்நோக்கி நிதானமாகப் பார்த்தார். பார்வை என் காலில் வந்து நின்றது.

“ஷூ” என்றார்.

“மேடம், ஃபயர்!”

“ஃபயர் இல்லை. தண்ணீர். ஷூவைக் கழற்று.”

அடுப்பின் அடித்தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி ஆவி கிளப்பியிருக்கிறார். ரொட்டியின் மேல்தோல் நன்றாக வருவதற்கு அப்படிச் செய்வார்களாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தீயை அணைக்க வந்தவனிடம் ஒரு பெண்மணி செருப்பு விதியை அமல்படுத்துகிறார் என்பதுதான். அவர் குரலில் என்ன இருந்ததோ, சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தேன். இரும்பு முனை வைத்த சைட் ஷூ. பதற்றத்தில் முடிச்சு இன்னும் இறுகிவிட்டது. அலாரம் அலற அலற நான் அடுக்களை வாசலில் குந்தி முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“அணைத்தே ஆகவேண்டும் என்றால், பாய், பதினெட்டு நிமிஷம் பொறு. ரொட்டி வெந்துவிடும். அப்புறம் எதை வேண்டுமானாலும் அணை.”

வாட்ச்மேன் மூச்சு வாங்க மேலே வந்தபோது நான் வெறுங்காலோடு அவருடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். நான்தான் பயப்படுவேன். அர்மீனியாக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஷார்ஜாவில் கல்யாண கவுன்கள் தைக்கும் கடையில் தலைமைத் தையல்காரி. என் மனைவி இரண்டாம் நாளே ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். அவருக்கு நான் ‘பாய்’, இந்தியில் சகோதரன். அவர் பேசியது ஆங்கிலத்தில் ஆரம்பித்து இந்தியில் நடந்து அரபியில் முடியும் ஒரு மொழி. வளைகுடாவில் முப்பது வருஷம் இருந்தவர்கள் எல்லாரும் பேசுவதுதான். அதைத் தமிழில் எழுதும்போது அவர் ஏதோ இலக்கணமாகப் பேசியதுபோல் ஆகிவிடுகிறது. மன்னிக்கவும்.

அவருக்குப் பிடித்த சொல் ‘ஷ்வய்யா’. கொஞ்சம், மெல்ல, பொறு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். பிடிக்காத சொல் ‘யல்லா’. இந்த ஊரில் டாக்ஸிக்காரரிலிருந்து கம்பெனி முதலாளி வரைக்கும் மூச்சுக்கு மூச்சு சொல்கிற சொல் அது. ‘சீக்கிரம், கிளம்பு.’ யாராவது அவரிடம் ‘யல்லா’ என்று சொன்னால், கையிலிருக்கும் வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவார். ஒரு முறை கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது மணப்பெண்ணின் கவுன் இடுப்பில் கிழிந்துவிட்டதாம். பெண்ணின் அம்மா கடைக்குள் வந்து அழுது, முதலாளி கத்தி, ஆளாளுக்கு ‘யல்லா, யல்லா’. அக்கா முதலில் டீ குடித்தார். பிறகு தைத்தார். “கை நடுங்கினால் தையல் கோணும். கோணின தையலைப் பிரித்து மறுபடி தைக்க இரண்டு டீ நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பார், பாய்” என்றார். அவர் தைத்த தையலை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும்.

ரொட்டியும் அப்படித்தான். அதன் பெயர் மத்னகாஷ். விரலால் இழுத்தது என்று அர்த்தமாம். வாரத்துக்கு ஒரு நாள் போடுவார். புளித்துப் பொங்கிய மாவை முட்டை வடிவத்தில் பரப்பி, விரல்களை ஈரமாக்கிக்கொண்டு, ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு விட்டு உள்பக்கம் சுற்றி அழுத்துவார். பிறகு நடுவில் நீளவாக்கில் இரண்டு மூன்று வரிகள் இழுப்பார். மேலே சர்க்கரை போட்டுக் காய்ச்சிய கெட்டித் தேயிலைச் சாற்றைத் தடவி அடுப்பில் வைப்பார். நாம் டிக்காஷன் என்று சொல்கிறோமே, அதேதான். முதல்முறை அவர் ரொட்டிமேல் டிக்காஷன் தடவுவதைப் பார்த்து, பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்கிற சாதியில் பிறந்த எனக்கு, இவர்கள் நம்மைவிட ஒருபடி முன்னாலேயே யோசித்துவிட்டார்கள் என்று பொறாமையாக இருந்தது. வெந்து வரும்போது தேக்கு நிறத்தில் பளபளக்கும்.

“உழுத வயல் இது” என்று வரிகளைக் காட்டினார். “இந்த ஓரம் வரப்பு. நடுவில் உழுத சால்.”

நான் தூத்துக்குடிக்காரன். எனக்கு அது உப்பளப் பாத்தியாகத் தெரிந்தது. சொன்னேன். உப்பளம் என்றால் என்ன என்று விசாரித்தார். கடல் தண்ணீரைப் பாத்தி கட்டி வெயிலில் விட்டுவிட்டுக் காத்திருப்பது என்றேன். “காத்திருப்பது மட்டும்தானா?” என்றார். “பெரும்பாலும்” என்றேன். “நல்ல ஊர். நீ ஏன் அங்கிருந்து இப்படி வந்தாய்?” என்று கேட்டார். ஊரை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டாரா, இப்படிப்பட்ட ஆளாக ஏன் வந்தாய் என்று கேட்டாரா என்பதை நான் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

ரொட்டியைக் கத்தியால் வெட்டவிடமாட்டார். கையால்தான் பிய்க்க வேண்டும். தலைகீழாக வைக்கக் கூடாது. செருப்போடு ரொட்டி இருக்கும் இடத்துக்கு வரவே கூடாது. மற்றபடி அவருக்குச் சட்டங்கள் கிடையாது.

ஒரு மத்தியானம் கட்டடம் ஆடியது. கடலுக்கு அந்தப் பக்கம் ஈரானில் எங்கேயாவது பூமி புரண்டு படுத்தால் எங்கள் பக்கம் தண்ணீர்ப் பாட்டில் லேசாக ஆடும். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் பாஸ்போர்ட் ஃபைல், இன்சூரன்ஸ் பத்திரம், ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு என்று தொண்ணூறு படிகளை ஒரே மூச்சில் இறங்கிவிட்டேன். கீழே வந்து எண்ணிப் பார்த்தால் மனைவி இல்லை. அவள் என் பின்னால் சாவகாசமாக வந்து, “எல்லாத்தையும் எடுத்தீயளே, என்ன மட்டும் எதுக்கு விட்டீய?” என்று கேட்டாள்.

கடைசியாக இறங்கி வந்தவர் அக்கா. இடுப்பில் ஒரு பெரிய கிண்ணம், மேலே துண்டு போட்டு மூடியிருந்தது.

“மேலேயே விட்டால் மாவு அதிகமாகப் பொங்கிவிடும்” என்றார்.

“அக்கா, பூகம்பம்!”

“இது சின்னது.”

“சின்னதுன்னு எப்படித் தெரியும்?”

“பெரியதைப் பார்த்திருக்கிறேன்” என்றார். வாகன நிறுத்தத்தில் ஒரு காரின் நிழலில் உட்கார்ந்து, துண்டின் ஓரத்தைத் தூக்கி மாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். எங்கள் கட்டடமே அவரைச் சுற்றி நின்று போனில் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு முதல் தடவையாக அவர்மேல் லேசாக ஒரு பயம் வந்தது. எனக்கு எல்லாவற்றின் மேலும் பயம் வரும், அது கணக்கில்லை. ஆனால் இது வேறு மாதிரி.

மகளைப் பற்றிச் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது. ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஜெர்மனிக்குக் கிளம்பியிருக்கிறாள். அக்காவுக்கு விருப்பமில்லை. சண்டை. சண்டை என்றால் மகள் மட்டும் போட்ட சண்டை. அவள் அழுது, கத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாராம். “வீடு எரிந்தாலும் நீ மாவுதான் பிசைவாய். உனக்கு நான் ஒன்றுமேயில்லை” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் போன் இல்லை. இதை அக்கா எங்களுக்குச் சொன்னது, நூலை ஊசியில் கோத்துக்கொண்டே. நூல் முதல் தடவையிலேயே உள்ளே போனது.

வீட்டுக்கு வந்து, நர்ஸான என் மனைவி சொன்னாள்: “அவிய நெஞ்சுல என்னதான் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எங்க ஆஸ்பத்திரியில அழாத ஆளுகளப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.”

இனி நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன்.

ஃபஹாஹீலில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பத்து நாள் குவைத்தில் தங்கி அங்கேயே தைத்துக் கொடுக்க வேண்டும் என்று கடை அக்காவை அனுப்பியது. கிளம்புகிற அன்று என்னிடம் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொடுத்தார். உள்ளே அவருடைய புளிமா. கடையில் விற்கும் ஈஸ்ட்டை அவர் சேர்ப்பதில்லை. இந்தப் பழைய மாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத்தான் ஒவ்வொரு வாரமும் புது மாவைப் புளிக்கவைப்பார்.

“ஃபிரிட்ஜில் வை. இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஒரு பிடி கோதுமை மாவு, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். அதனோடு பேச வேண்டாம். எட்டி எட்டிப் பார்க்க வேண்டாம்.”

என்னிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. உடனே நான் செய்த முதல் காரியம், சைட்டில் மெஷின்களில் கட்டும் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, ‘ஆபத்து. கை வைக்காதே’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததன் கீழே என் கையெழுத்தையும் போட்டு, ஜாடியின் மூடியில் கம்பியால் கட்டியது. இதுவரைக்கும் தவறில்லை. அன்று டியூட்டியில் சும்மா இருந்த நேரத்தில் போனில் தேடினேன். புளிக்கும் மாவை இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கலாம் என்று எவனோ எழுதியிருந்தான். கண்ணாடி. வெடிப்பு. ஃபிரிட்ஜ். மனைவியின் கண். எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து மூடியைக் கழற்றி, ஜாடியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். கழற்றிய மூடியை அட்டையோடு சேர்த்து அலமாரியின் மேல்தட்டில், பாஸ்போர்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.

கவனித்தீர்களா? எச்சரிக்கையைப் பத்திரப்படுத்திவிட்டு ஆபத்தை ஃபிரிட்ஜில் விட்டுவிட்டேன். மனைவிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, எனக்கு சைட் டியூட்டி. அந்த வாரம் எங்கள் ஷிஃப்டுகள் ஒத்துவராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அட்டைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோசை மணம். சுடச்சுட தட்டில் விழுந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், ஓரமெல்லாம் முறுகல்.

“என்ன தோசை இது? ஒரு தினுசா அருமையா இருக்கே.”

“கோதும தோச. இன்னொண்ணு வைக்கட்டா?”

“வை.”

நாலாவது தோசையை மடக்கி வாயில் வைக்கும்போது அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள்: “ஒருநாளாச்சும் வீட்டுக்கு ஒத்தாச பண்ணுனீயளேன்னு நெனச்சேன். ஃபிரிட்ஜுல துணி கெட்டி மாவு வச்சிருந்தீயல்லா? நல்லாப் புளிச்சுக் கெடந்துச்சு. கொஞ்சம் ரவையும் போட்டு மொத்தத்தையும் ஊத்திட்டேன்.”

வாயிலிருந்ததை மெல்லாமல் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனேன்.

“ஜாடி?” என்றேன்.

“கழுவிக் கவுத்தியாச்சு. ஏன், என்ன முழிக்கிய?”

கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள். சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. குவைத் நம்பர்.

“பாய், அது எப்படி இருக்கிறது?” என்றார் அக்கா.

“நல்லா இருந்தது அக்கா... இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது.”

“சரி. செவ்வாய்க்கிழமை வருகிறேன். இன்றைக்கு மகள் செய்தி அனுப்பினாள்.” துணிக்கடையில் அளவு சொல்வதுபோலச் சொன்னார்: “இரண்டு வரி. ‘சனிக்கிழமை வருகிறேன். ரொட்டி இருக்குமா?’ அவ்வளவுதான். நாலு வருஷத்தில் இரண்டு வரி. அதற்குக் கொஞ்சம் கூடுதலாக மாவு போடு.”

போனை வைத்துவிட்டு ஜாடியின் கதை முழுவதையும் மனைவியிடம் சொன்னேன். நாலு வருஷமாகப் பேசாத மகள். கேட்டது ஒரே ஒரு பொருள். அந்தப் பொருளின் உயிர் என் வயிற்றுக்குள் ஜீரணமாகிக்கொண்டிருக்கிறது.

“உள்ளதச் சொல்லிருங்க” என்றாள் மனைவி. “வேற வழியில்ல.”

எனக்கு வேறு வழி இருந்தது. மோசடி. பக்கத்து பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், ஈஸ்ட் பாக்கெட் வாங்கி, அதே ஜாடியில் மாவு கரைத்துப் போட்டேன். அளவு தெரியாமல் பாதி பாக்கெட்டைக் கொட்டியதில் அது இரண்டு மணி நேரத்தில் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஃபிரிட்ஜில் இருந்த மீன் குழம்புச் சட்டியை விசாரித்துவிட்டுக் கீழே இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி கரைத்தேன். பார்வைக்கு அசல் மாதிரிதான் இருந்தது. சைட்டில் எத்தனை போலி சர்டிஃபிகேட்டைப் பிடித்திருப்பேன்! போலி செய்கிறவனின் கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். ஜாடியை நீட்டினேன். துணியை விலக்கினார். ஒரு முறை மூக்கை வைத்தார்.

“இது யார்?” என்றார்.

யார் என்று கேட்டார். என்ன என்று கேட்டிருந்தாலாவது சமாளித்திருப்பேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இந்தியில் மன்னிப்புக் கேட்டு, நடுவில் அவருக்குப் புரியாத தமிழில் அழுது, மூடி, அட்டை, துணி, வெங்காயம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மனைவி என் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கேட்டு முடித்துவிட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தனை தோசை?”

“நாலு.”

“நீ?” என்று மனைவியைப் பார்த்தார்.

“ரெண்டு, அக்கா.”

“நன்றாக இருந்ததா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “நல்லா இருந்துச்சு” என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

அக்கா தலையை ஆட்டினார். மூக்கில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போனது. “மூடி எங்கே?”

“எது?”

“ஜாடியின் மூடி. அதையும் கழுவினீர்களா?”

ஓடிப்போய் அலமாரியின் மேலிருந்து எடுத்து வந்தேன். சிவப்பு அட்டை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையை முன்னும் பின்னும் படித்தார், என் கையெழுத்து உட்பட. மூடியைத் திருப்பினார். உள்பக்க விளிம்பில், காய்ந்த சோற்றுப் பருக்கை அளவுக்கு, பொருக்குத் தட்டிப்போய் ஒரு மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது. தலையில் செருகியிருந்த தையல் ஊசியை உருவி, அதைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் விட்டார். ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒரு ஸ்பூன் மாவு.

என் ஐம்பது வருஷப் பயத்தில் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அந்தப் பருக்கை. மூடியைப் பயந்து கழற்றாமல் இருந்திருந்தால் அதுவும் சோப்புத் தண்ணீரில் போயிருக்கும். மூடி ஜாடியில் இருந்திருந்தால் அட்டையும் இருந்திருக்கும், தோசையே நடந்திருக்காது என்று மனைவி பிற்பாடு சுட்டிக்காட்டினாள். அவள் எதையும் மறப்பதில்லை.

“சனிக்கிழமைக்குள்ள எழும்புமா அக்கா?”

“எழும்பினால் எழும்பும்.”

“எழும்பலைன்னா? பாக்கெட் ஈஸ்ட் போட்டுடலாமா?”

“ரொட்டி வரும். ஆனால் அவளுக்கு மூக்கு இருக்கிறது” என்றார். “என் மூக்கு.”

புதன்கிழமை ஒன்றுமில்லை. டியூட்டிக்குப் போகும்போது ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை, குப்பை போடப் போகிற சாக்கில் ஒரு தடவை என்று போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குப்பையே இல்லை. வியாழக்கிழமை காலையும் ஒன்றுமில்லை. களிம்பு மாதிரிக் கிடந்தது. கிண்ணத்தின் மேல் குனிந்து நின்ற என்னைப் பார்த்து அக்கா சொன்னார்: “அது உன்னைப் பார்த்துப் பயப்படுகிறது, பாய். தள்ளி நில்.”

“உங்களுக்குக் கவலையே இல்லையா அக்கா?”

ஒரு கவுனின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். “ஷ்வய்யா” என்றார். தையல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வியாழன் மாலை கடுகளவு ஒரு குமிழ். வெள்ளி காலை கிண்ணம் பொங்கியிருந்தது. மோந்து பார்த்தேன். அதே புளிப்பு, பச்சை ஆப்பிள் வாசனை. லிஃப்டுக்குக் காத்திருந்த வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்தேன். அவர் என்ன விஷயம் என்று கேட்டார். மாவு எழும்பிவிட்டது என்றேன். ‘அச்சா’ என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியது நான். கிளம்புமுன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு ஒரு சாண்தான் திறந்தது. என்னை அவர் உள்ளே விடாதது அன்றுதான். மாவுக் கை தெரிந்தது.

“ரொட்டி அடுப்புக்குப் போகப்போகிறது. நீ போ. விமானம் வந்துவிடும்.”

“இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு அக்கா.”

“போ. யல்லா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

லிஃப்டில் இறங்கும்போது என்னமோ வித்தியாசமாக இருந்ததே என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. ஷார்ஜா ரவுண்டானாவில் சரியான பாதையில் இருக்கிறேனா என்ற பயத்தில் அதையும் மறந்துவிட்டேன்.

மகளுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் ஒரே ஒரு பை. கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டிய கனமான ஷூ. காரில் ஏறியதும் ஆங்கிலத்தில் கேட்டாள்: “நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அம்மா என்ன சொன்னார்?”

எதையாவது சொல்லியிருக்கலாம். அழுதார் என்று சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டும்போது எனக்குப் பொய் வராது, இரண்டு பயத்தை ஒரே நேரத்தில் என்னால் சமாளிக்க முடியாது. “மாவு கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார்” என்றேன்.

“பதறினாரா?”

“அக்காவா? ஒரு நிமிஷம்கூட இல்லை.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதுதான் அம்மா” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், துபாயில் ஹோட்டல் போட்டிருப்பதாகச் சொன்னாள். “பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். நீங்கள் கீழே காத்திருக்க முடியுமா?” நாலு நாளாக ஒரு மாவுப் பருக்கையைக் காப்பாற்றியவன், ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன் என்று புரிந்தது. அதற்கப்புறம் அஜ்மான் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

என்னைக் கீழே இருக்கச் சொன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் மேலே போனேன். கதவு திறந்தே இருந்தது. என் மனைவி உள்ளே மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா நடுவில் நின்றார். வெளுத்த ஏப்ரன், பின்னுக்கு வாரிய தலை, வழக்கமான முகம். மகளைத் தலையிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தார். பார்வை காலில் நின்றது.

“ஷூ” என்றார்.

ஐயோ அக்கா, என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மகள் கால்மிதியில் அப்படியே நின்றாள். “இல்லை அம்மா. உடனே கிளம்ப வேண்டும்” என்றாள். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்தில்.

அக்கா திரும்பினார். அடுக்களைக்குப் போய், துணி மூடிய பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மகள் உள்ளே வராததால் அவரே வாசல் வரைக்கும் கொண்டுவந்தார். துணியை எடுத்தார்.

வாசனை நன்றாக இருந்தது. புளிப்பு சரியாக இருந்தது. ஆனால் ரொட்டி!

ஒரு பக்கம் வரப்பு அகலம், மறுபக்கம் வரப்பே இல்லை. தேயிலைச் சாறு ஒரு இடத்தில் இரண்டு தடவை தடவப்பட்டுக் கருத்திருந்தது, ஒரு மூலையில் தடவ மறந்து வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. நடுவில் மூன்று வரிகள். முதல் வரி நேராகக் கிளம்பிப் பாதியில் நெளிந்தது. இரண்டாவது அதன்மேல் போய் இடித்தது. மூன்றாவது எங்கேயோ போகப் பார்த்து நின்றுவிட்டது. பதறுகிற கையின் அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். நான் தினமும் கையெழுத்துப் போடுவதே அப்படித்தான். காலையில் லிஃப்டில் பிடிபடாமல் போனதும் இப்போது பிடிபட்டது. அவர் வாயிலிருந்து ‘யல்லா’ என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் கேட்டதேயில்லை.

மகள் ரொட்டியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி ரொட்டியைப் பார்த்தாள்.

“அடுப்பு சரியில்லை” என்றார் அக்கா.

அந்த அடுப்பை நான் இரண்டு முறை சோதித்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் கிடையாது.

மகள் முதல் வரியில் ஒரு விரலை வைத்தாள். அது நெளிந்த இடத்தில் நெளிந்து, இடித்த இடத்தில் கொஞ்சம் நின்று, கடைசி வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டே போனாள். அக்கா பலகையை ஏந்தியபடி நின்றார். பலகை லேசாக ஆடியது.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க. நமக்கு இங்க என்ன சோலி?”

நாங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மகள் கால்மிதியில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து, இறுகிப்போன லேஸ் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.